ஆயா சவரியம்மாளுக்காக

ஆகஸ்ட் 11

இந்த டைரி மருந்துக்கடைக்காரர் புத்தாண்டுக்குக் கொடுத்தது. இத்தனை மாதமும் அரிசி டின் மேல் கிடந்தது. யாரிடமாவது சொல்லியாக வேண்டும் போலிருப்பதால் இன்று எடுத்திருக்கிறேன். சிரில் தமிழ் நன்றாகப் பேசுவார், ஆனால் ஓர் எழுத்துகூடப் படிக்கத் தெரியாது. ரயில்வே காலனி, ரயில்வே பள்ளிக்கூடம், ரயில்வே இங்கிலீஷ். அதனால் என் புருஷன் எதிரிலேயே இதைத் திறந்து வைக்கலாம்.

டாக்டர் இன்று என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டார். அவர் சொன்னதை இங்கே எழுதப் போவதில்லை. டயாலிசிஸை விடாதீர்கள், மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள் என்று முடித்தார். அதை எப்படிச் செய்வது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆட்டோவில் வரும்போதே சிரில் தூங்கிவிட்டார். வந்து ரசம் வைத்தேன். பக்கத்து வீட்டுக்காரியின் ரவிக்கைக்குக் கொக்கி வைக்கவேண்டும், கண் எரிகிறது.

ஆகஸ்ட் 14

பட்டன் வாங்கப் போகிறேன் என்று சிரிலிடம் சொல்லிவிட்டு எங்கள் சர்ச்சின் பங்குப் பேரவைச் செயலாளர் இன்னாசிமுத்துவைப் பார்த்துவிட்டு வந்தேன். பட்டனும் வாங்கினேன். பொய் சொல்வது பிடிக்காது.

விஷயம் இதுதான். எங்கள் கல்லறைத் தோட்டம் நிரம்பிப் பல வருடம் ஆகிறது. புதுக் குழி கிடையாது. குடும்பக் கல்லறை இருப்பவர்கள் அதையே திறந்து, பழைய எலும்புகளைத் துணியில் கட்டி அடியில் வைத்துவிட்டு, மேலே அடுத்தவரை அடக்கம் செய்யலாம். இல்லாதவர்களுக்கு பைபாஸ் தாண்டி அடுக்குக் கல்லறை. சுவரில் மாடம் மாடமாகக் கட்டிவிட்டிருக்கிறார்கள். ஆளுக்கொரு மாடம், சில வருடம் போனால் காலி செய்துவிடுவார்கள். போன வருடம் ஒரு சாவுக்குப் போய் அதைப் பார்த்த சிரில், "லக்கேஜ் ரூம் மேன் அது. என்னை அங்க வெக்காத இமெல்டா. நீ ஒரு மாடம், நான் ஒரு மாடம், நடுவுல யாரோ ஒரு ஆளு" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அதன் பிறகு மூன்று நான்கு தடவை சொல்லிவிட்டார்.

எங்களுக்கு ஒரு கல்லறை உண்டு என்றே நினைத்திருந்தோம். மைக்கேல் டியர்னி. அயர்லாந்திலிருந்து போத்தனூருக்குத் தண்டவாளம் போட வந்த இன்ஸ்பெக்டர். சிரிலின் அப்பாவுக்கு அவர் தாத்தா. சிரில் குடும்பம் வருடாவருடம் கல்லறைத் திருநாளுக்கு அதற்குத்தான் சுண்ணாம்பு அடித்து மெழுகுவத்தி ஏற்றுகிறது. என் மாமனார் ஜோலார்பேட்டையில் இறந்து அங்கேயே அடக்கமானார். மாமியார் டாஃப்னி ஆஸ்திரேலியாவில் மூத்த மகன் வீட்டில் கண்ணை மூடினார். அதனால் இந்தக் கல்லறையைத் திறக்கும் தேவை யாருக்கும் வரவில்லை.

இன்னாசிமுத்து நல்ல மனிதர்தான். காப்பி கொடுத்துவிட்டு, "கல்லுல என்னுங்க எழுதியிருக்குது? கூட வேலை செஞ்சவங்க எழுப்புனதுன்னு. பொண்டாட்டி பேரும் இல்ல, புள்ள பேரும் இல்ல. தனி ஆளாச் செத்தவருன்னுதான கமிட்டில கேப்பாங்க?" என்றார்.

"வருசா வருசம் பூ வெக்கறமே, நீங்களே பாத்திருக்கீங்க."

"பாத்திருக்கறனுங்க. பூ வெச்சவங்க எல்லாம் வாரிசு ஆயிர முடியுமுங்களா? அயர்லாந்துல அந்த டியர்னி வூட்டுக்காரங்க யாராச்சும் இருந்தா, இவங்க எங்க ஆளுகதான், எங்களுக்குச் சம்மதம்னு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க. மிச்சத்த நான் பேசிக்கறேன்."

உக்கடத்துக்கு பஸ் மாற்றிப் போவதற்கே எனக்கு மூச்சு வாங்குகிறது. அயர்லாந்தாம்.

ஆகஸ்ட் 16

ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்திலிருக்கும் சிரிலின் அண்ணன் டெஸ்மண்டைப் போனில் கூப்பிட்டேன். போன கிறிஸ்துமஸுக்கு அவர் பேரப்பிள்ளைகள் எச்சிலைக் குப்பியில் பிடித்து அனுப்பும் வம்சாவளிப் பரிசோதனை ஒன்றை அவருக்கும் செய்தார்களாம். அதில் டிப்பரரியைச் சேர்ந்த நோரா டியர்னி என்ற பெண் தூரத்துச் சொந்தம் என்று வந்து, அவளே இரண்டு தடவை எழுதியும் இருக்கிறாளாம். இவர் பதில் போடவில்லை.

"யூ டாக் டு ஹர், இமெல்டா. நமக்கு எங்க மேன் டைம்" என்று நம்பரை அனுப்பிவிட்டார். டெஸ்மண்ட் ரிட்டயர் ஆகிப் பதினைந்து வருடம் ஆகிறது.

ஆகஸ்ட் 20

நோராவுக்கு எழுதினேன். கிணற்றுக்குள் கல் போட்டுவிட்டு எட்டிப் பார்ப்பதுபோல நாலு தடவை போனை எடுத்துப் பார்த்தேன். சாயங்காலம் அவளே கூப்பிட்டாள். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, கல்யாணம் ஆகாதவள், பாட் என்ற தம்பியுடன் பழைய வீட்டிலேயே இருக்கிறாள். முப்பத்தைந்து வருடம் சிரிலோடு குப்பை கொட்டிய இங்கிலீஷை வைத்துச் சமாளித்தேன். அவள் பேச்சு முதலில் பாதிதான் விளங்கியது.

மைக்கேல் அவளுடைய கொள்ளுத்தாத்தாவின் அண்ணனாம். இந்தியாவுக்குப் போனான், காய்ச்சலில் யாருமில்லாமல் செத்தான் என்று மட்டும் வீட்டுக்குச் செய்தி வந்திருக்கிறது. அன்றிலிருந்து அந்த வீட்டில் தினமும் ஜெபமாலை முடிந்ததும், 'தனியே கிடக்கும் மைக்கேலுக்காக' என்று கூட ஒரு அருள் நிறைந்த மரியே சொல்வார்களாம். அவனுடைய அம்மா ஆரம்பித்தது, இன்னும் நிற்கவில்லை. "எங்கள் வீட்டில் எல்லோரையும் மறந்துவிட்டோம் இமெல்டா, அவனை மட்டும் மறக்கவில்லை" என்றாள்.

கேட்கவேண்டியதைக் கேட்கவில்லை. முதல் நாளே எப்படிக் கேட்பது?

ஆகஸ்ட் 21

ஜெபமாலை என்றதும் எனக்கு எங்கள் வீட்டு வழக்கம் நினைவுக்கு வந்தது. டியர்னி வீட்டில் ஜெபமாலை இங்கிலீஷில்தான். கல்யாணமாகி வந்த புதிதில் தப்பும் தவறுமாக நானும் முணுமுணுத்தேன். ஆனால் கடைசியில் ஒன்றே ஒன்று தமிழில் வரும். 'ஆயா சவரியம்மாளுக்காக' என்று சொல்லிவிட்டு, 'பிரியதத்தத்தினாலே பூரண மரியே' என்று அதே அருள் நிறைந்த மரியேயின் ஆதிகாலத்து வடிவம். கோவிலிலேயே அதை இப்போது யாரும் சொல்வதில்லை. சிரில் அதை ஒரு எழுத்து பிசகாமல் சொல்வார்.

யார் அந்த சவரியம்மா என்று மாமியாரிடம் ஒரு தடவை கேட்டேன். "சம் ஓல்ட் ஆயா. பிள்ளைங்கள வளத்தவ" என்றார். தமிழச்சியான என்னையும் ஐந்து வருடம் சமையலறை வாசல் வழியாகவே உள்ளே விட்டவர் அவர். ஆயாவுக்கு ஒரு ஜெபம் உண்டு, செத்துப்போன என் அம்மாவுக்கு ஒன்று கிடையாது என்று எனக்கு அப்போது எரிச்சலாக வரும். இப்போதும் கொஞ்சம் வருகிறது.

ஆகஸ்ட் 29

டயாலிசிஸ். ஊசி குத்திய இடம் வீங்கிவிட்டது. இட்லி, வாந்தி, மறுபடி இட்லி.

செப்டம்பர் 8

மாதா பிறந்தநாள். பூசைக்குப் போகமுடியவில்லை. வீடியோவில் நோரா வந்தாள். சிரில் காலையிலேயே சவரம் செய்து, டை கட்டி உட்கார்ந்துவிட்டார். கழுத்து மெலிந்து காலருக்கும் கழுத்துக்கும் நடுவில் கை நுழையும். கார்டாக வேலை பார்த்தபோது பச்சைக்கொடி காட்டிய கதையெல்லாம் சொன்னார். அவள் மழையைக் காட்டினாள், பசுவைக் காட்டினாள். பாட் ஒரு நிமிஷம் வந்து, மூக்கைத் தொட்டுக் காட்டி, "டியர்னி மூக்கு" என்றான். சிரிலுக்கும் அதே மூக்குதான். எனக்கே சிரிப்பு வந்தது.

உடம்பு எப்படி என்று அவள் கேட்டதற்கு, "லிட்டில் கிட்னி ட்ரபிள்" என்றார். லிட்டிலாம்.

இரவுச் சாப்பாட்டுக்கு நாலு வாய் கூடுதலாகச் சாப்பிட்டார். அந்தப் பெண் சொந்தம் கிடைத்த சந்தோஷத்தில் பேசுகிறாள். நான் குழி கேட்கக் காத்திருக்கிறேன்.

செப்டம்பர் 15

இன்று கேட்டுவிடுவது என்று கல்லறைப் படத்தை அனுப்பி ஆரம்பித்தேன். அதற்குள் அவள், "இந்தப் படத்தைக் கணப்பு மேல் மாட்டப் போகிறேன். பாவம், எவ்வளவு அமைதியாகத் தூங்குகிறான். அவன் அம்மா கல்லறை மண்ணைக் கொஞ்சம் அனுப்புகிறேன், அவன் தலைமாட்டில் தூவுவாயா?" என்று கேட்டுவிட்டு அழ ஆரம்பித்தாள்.

தூவுகிறேன் என்றேன். அந்தத் தலைமாட்டைத் தோண்டத்தான் கேட்கவந்தேன் என்று எந்த வாயால் சொல்வது? போனை வைத்துவிட்டுப் பாத்திரங்களைத் தேவைக்கு மேல் அழுத்தித் தேய்த்தேன்.

செப்டம்பர் 24

காலையில் ஆட்டோ வந்து நின்றது. சிரில் எழுந்திருக்கவில்லை.

"ஆட்டோவ அனுப்பிடு."

"ஏன், மயக்கமா வருதா?"

"மயக்கமெல்லாம் இல்ல. போதும் மேன், இமெல்டா. ஒடம்பு ஃபுல்லா ஓட்டை."

கத்தினேன். கெஞ்சினேன். டெஸ்மண்டைக் கூப்பிடுவேன், சாமியாரைக் கூப்பிடுவேன் என்றேன். "கூப்பிடு. ஆனா அதுக்கு முன்னால ஒரு டம்ளர் தண்ணி குடு. அளந்து குடுக்காத, ஃபுல்லா குடு" என்றார். இரண்டு வருடமாக நான் அளந்து கொடுத்த தண்ணீர். நிறைய ஊற்றிக் கொடுத்தேன். ஒரே மூச்சில் குடித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். ஆட்டோவை அனுப்பிவிட்டேன்.

செப்டம்பர் 25

நோராவுக்கு எழுதிவிட்டேன். சுற்றி வளைக்கவில்லை. சிரில் போகப்போகிறார், அந்தக் கல்லறையில் இடம் வேண்டும், அதற்காகத்தான் முதலில் உன்னைத் தேடினேன், பிறகுதான் உன்னைப் பிடித்துப்போனது, மைக்கேலின் தூக்கத்தைக் கலைக்கவேண்டியிருக்கிறது, கோபித்துக்கொண்டாலும் சம்மதம் கொடு. இவ்வளவுதான். அனுப்பிவிட்டு மிஷினில் உட்கார்ந்தேன், தைத்த தையலெல்லாம் கோணல்.

செப்டம்பர் 26

நோரா பதில்: "அட பைத்தியக்காரி, இதைக் கேட்கவா ஒரு மாதம் தவித்தாய்? எங்கள் ஊரிலும் இப்படித்தான். ஒரே குழியை மூன்று தலைமுறை திறப்போம். என் அம்மா அவள் மாமியார் மேலேதான் படுத்திருக்கிறாள். உயிரோடிருந்தபோது இருவரும் ஒரே அடுப்படியில் நிற்கமாட்டார்கள். மைக்கேலுக்கு இத்தனை காலம் கழித்தாவது ஒரு துணை கிடைக்கிறதே. சிரில் எங்கள் ஆள். நீயும் எங்கள் ஆள். இருவருக்கும் சம்மதம்." கீழே பாட் தன் பெயரையும் போட்டிருந்தான்.

இருவருக்கும் என்று நான் கேட்கவே இல்லை. அவளாகப் போட்டிருக்கிறாள்.

செப்டம்பர் 29

கமிட்டி ஒப்புக்கொண்டது. இன்னாசிமுத்து நேரில் வந்து, சிரில் தூங்குகிறாரா என்று பார்த்துவிட்டு என்னிடம் வாசலில் சொன்னார். சிரில் தூங்கவில்லை.

"என்ன மேன், எனக்கு பெர்த் கன்ஃபர்ம் ஆயிடுச்சா?"

நான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். இத்தனை நாள் பட்டன் வாங்கப் போன கதையெல்லாம் அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது.

"உனக்கு?"

"எனக்கும்தான்."

"குட். நான் ஓரமா படுத்துக்கறேன். நீ கையக் கால நீட்டுவ."

தண்ணீர் கேட்டார். இளநீர் கேட்டார். எல்லாம் கொடுத்தேன். கால் இரண்டும் தூண் மாதிரி வீங்கிக் கிடக்கின்றன. ராத்திரி ஜெபமாலையில் குரல் வரவில்லை, கடைசித் தமிழ் ஜெபத்தை மட்டும் தானே சொல்வதாகக் கையைக் காட்டினார். சொன்னார்.

அக்டோபர் 5

சிரில் போய்விட்டார். விடிந்து கொஞ்ச நேரத்தில். கோவை பாசஞ்சர் கூவிக்கொண்டு போனது, அதற்கு அவர் கண் திறந்ததாக எனக்குத் தோன்றியது.

அக்டோபர் 9

நடந்ததை எழுதிவைக்கவேண்டும். இல்லாவிட்டால் நான் கனவு கண்டேன் என்று நானே சொல்லிக்கொள்வேன்.

மறுநாள் மாலை அடக்கம். அன்று காலையில் குழி தோண்டும் சின்னப்பன் எலும்பு கட்ட வெள்ளைத் துணி கேட்டிருந்தார். பீடத் துணிக்கு வைத்திருந்த காடாத் துணியில் பை மாதிரி தைத்து, நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். புருஷனைப் பெட்டியில் வைத்துவிட்டு இவள் எங்கே போகிறாள் என்று சொந்தக்காரர்கள் பார்த்தார்கள். எனக்கு அந்த வீட்டில் உட்காரமுடியவில்லை.

வேப்பமர நிழலில் நின்றுகொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் சின்னப்பன் குழிக்குள்ளிருந்து தலையை நீட்டினார்.

"அக்கா, இன்னொரு துணி வேணுமுங்க."

"பெருசாத்தான தெச்சேன், பத்தலையா?"

"பத்தாம இல்லீங்க. உள்ள ரெண்டு பேரு இருக்கறாங்க."

எனக்கு விளங்கவில்லை. குழி ஓரத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் உள்ளங்கையைத் திறந்து காட்டினார். ஒரு பக்கம் பச்சை ஏறிப்போன பித்தளைப் பட்டன்கள். இன்னொரு பக்கம் கண்ணாடி வளையல். துண்டு துண்டாக நிறைய, உடையாமல் முழுசாக ஒன்று. அரக்குச் சிவப்பு. மண்ணைத் துடைத்ததும் வெயிலில் நேற்றுக் கடையில் வாங்கியதுபோல இருந்தது.

"பட்டன் மேல கெடந்துச்சுங்க, அது தொரையோட கோட்டு. வளையல் அவருக்கும் அடியில, கையெலும்போட. அந்தம்மாதானுங்க மொதல்ல வந்திருக்கறாங்க. இது தொரை குழி இல்லீங்க, அந்தம்மா குழி. தொரை அப்பறமா வந்து அவங்க மேல படுத்திருக்கறாரு."

"வேற யாராவது பழைய ஆளா இருக்கப் போவுது."

"சம்பந்தமில்லாத பொம்பள மேல ஆம்பளையப் போடமாட்டாங்கக்கா. எங்கப்பன் காலத்துலயும் போடமாட்டாங்க."

வீட்டுக்கு ஓடிவந்தேன். மிச்சத் துணியை வெட்டி மிஷினில் போட்டு மிதித்தேன். கூடத்தில் பெட்டிக்குள் சிரில், சுற்றிலும் ஜனம், உள்ளறையில் மிஷின் சத்தம். பைத்தியம் பிடித்துவிட்டது என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. எதையாவது ஜெபித்தால் தையல் கோணாது என்று வாய்க்கு வந்ததைச் சொல்ல ஆரம்பித்தேன். வந்தது அந்தப் பழைய தமிழ் ஜெபம்தான். ஆயா சவரியம்மாளுக்காக.

மிதித்துக்கொண்டிருந்த கால் நின்றுவிட்டது.

இங்கிலீஷ் வீட்டில் ஒரே ஒரு தமிழ் ஜெபம். ஆயாவுக்காக எந்த வீட்டில் மூன்று தலைமுறை ஜெபிப்பார்கள்? மைக்கேலின் பிள்ளைகள் பெற்ற தாய்க்காகத் தாய்மொழியில் சொன்னது. அவர்கள் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் வந்தது, தோல் வெளுத்த பெருமை வந்தது, அம்மாவை ஆயாவாக்கிவிட்டார்கள். ஆனாலும் ஜெபத்தை விடவில்லை. விட பயமாக இருந்ததோ என்னவோ. என் மாமியார் அவ்வளவு பெருமை பேசிய அந்த அயர்லாந்துத் துரை, தன் பொண்டாட்டி குழிக்கே வந்து சேர்ந்த மனுஷன். கூட வேலை செய்தவர்கள் அவரைக் கொண்டுவந்து சரியான இடத்தில்தான் வைத்திருக்கிறார்கள். கல்லில்தான் பாதியை எழுதியிருக்கிறார்கள்.

எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது. சிரிலின் பெட்டிப் பக்கம் போய்க் குனிந்து, "ஆயா இல்ல சிரில், உங்க பாட்டனுக்கு அம்மா" என்றேன். எல்லோரும் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

வளையல்களை அவள் துணியிலேயே போட்டுக் கட்டச்சொன்னேன். இரண்டு மூட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார் சின்னப்பன். மேலே சிரில். நோரா அனுப்பிய மண் இன்னும் தபாலில் வந்து சேரவில்லை.

அக்டோபர் 10

நோராவுக்கு எல்லாவற்றையும் எழுதி, வளையல் படத்தையும் அனுப்பினேன். பதில் இல்லை.

அக்டோபர் 13

பதில் இல்லை. ஒருவேளை பிடிக்கவில்லையோ. அவர்களுக்கும் மைக்கேல் தனியாகச் செத்ததுதான் வசதியோ. மருந்து டப்பாவையெல்லாம் எடுத்துப் போட்டேன். தண்ணீர் அளக்கும் டம்ளரை மட்டும் எடுத்துப்போட மனம் வரவில்லை.

நவம்பர் 2

கல்லறைத் திருநாள். போத்தனூரே சாமந்தியும் ஊதுவத்தியுமாக இருந்தது. தபாலில் வந்த மண்ணை எடுத்துக்கொண்டு போனேன்.

கல் கொத்துபவரை ஏற்பாடு செய்திருந்தேன். அந்தம்மா பெயரை எங்கே கொத்துவது என்று கேட்டார். கீழே நிறைய இடம் இருக்கிறது என்றார். மேலே கொத்தச் சொன்னேன். மேலே சிலுவைக்கும் மைக்கேலுக்கும் நடுவில் ஒரு விரல் இடம்தான் இருந்தது. "எழுத்து பொடிசா வருமுங்களே" என்றார். பொடியாகவே இருக்கட்டும், குழி அவளுடையது என்றேன். சவரியம்மாள், தமிழில். அடுத்து மைக்கேல், பழைய இங்கிலீஷில். அதன் கீழே சிரில்.

"அதுக்குக் கீழ எடம் விடட்டுங்களா?" என்று என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார். விடச் சொன்னேன்.

மண்ணைத் தூவினேன். ஈரமாக, கறுப்பாக இருந்தது. நம் ஊர்ச் செம்மண்ணில் விழுந்ததும் தனியாகத் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது நோரா கூப்பிட்டாள். எடுத்ததும் மன்னிப்புக் கேட்டாள். உன் செய்தியைப் படித்துவிட்டு என்ன எழுதுவதென்றே தெரியவில்லை என்றாள்.

"அன்று ராத்திரி ஜெபமாலையில் அந்த இடம் வந்தது. 'தனியே கிடக்கும் மைக்கேலுக்காக' என்று ஆரம்பித்த பாட் நிறுத்திவிட்டான். நான் அவனைப் பார்க்கிறேன், அவன் என்னைப் பார்க்கிறான். அவன் தனியே கிடக்கவில்லையே இமெல்டா. நூறு வருடத்துக்கு மேல் ஒரு பொய்யைச் சொல்லிக் கடவுளைத் தொந்தரவு செய்திருக்கிறோம்."

பிறகு சவரியம்மாளின் பெயரைச் சொல்லித் தரச் சொன்னாள். சொன்னேன். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி அவளும், பின்னாலிருந்து அவள் தம்பியும் திருப்பிச் சொன்னார்கள். மைக்கேலையும் சவரியம்மாளையும் சேர்த்தே இனிச் சொல்வார்களாம்.

"அந்தத் 'தனியே கிடக்கும்' என்ற பழைய ஜெபம் இருக்கிறதே, தனியாக இருப்பவர்களுக்கானது. அது இப்போது காலியாக இருக்கிறது" என்றாள். "உன்னை அதில் வைத்துக்கொள்ளட்டுமா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நான் தனியாக இருக்கிறேன் என்று உனக்கு யார் சொன்னது என்று கேட்க வாயெடுத்தேன். வீட்டைத் திரும்பிப் பார்த்தேன். ஒரு நாற்காலி, அவருடைய மூக்குக்கண்ணாடி, தண்ணீர் அளக்கும் டம்ளர், மூடிவைத்த மிஷின். விளக்கு இன்னும் போடவில்லை. அவள் காத்திருந்தாள். இங்கிலீஷில் ஒரு வார்த்தைகூட எனக்கு வரவில்லை.

"வெச்சுக்கோ" என்றேன்.

அவளுக்குப் புரிந்துவிட்டது.